இடம்பெயர்ந்தோர் வரலாறும் சபையின் அறிக்கையும்: உபாகமம் 26-ஐ வடசென்னையில் வாசித்தல்

அறுப்பின் பண்டிகையை ஒட்டியோ சபையின் ஆண்டு விழாவை ஒட்டியோ, சபையாரில் சிலர் தாம் ஊர்விட்டு வந்த வரலாற்றைப் பிறர் கேட்கச் சொல்லும் மாலைக் கூட்டங்கள் நம் சேகரங்கள் சிலவற்றில் நடைபெறுகின்றன. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீண்டு கிடக்கும் துறைமுக, ஆலைப் பகுதியில் பணியாற்றும் ஆயர்களுக்கு இவ்வழக்கம் மிக இயல்பானதாகவே தோன்றும். கடலோரக் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் மீனவரை நீக்கிப் பார்த்தால், இங்குள்ள சபைகளில் தம்மை இவ்விடத்தார் என்று கூறிக்கொள்ளத் தக்கவர் சிலரே. நெல்லைச் சீமையிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர், தெலுங்கு நாட்டிலிருந்து துறைமுகக் கூலிக்கு வந்தவர், பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பியவர், இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர் ஆகியோரின் மக்களும் பேரமக்களும் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே ஞானப்பாட்டைப் பாடுகின்றனர்.

இக்கூட்டங்களைப் பண்டிகைப் பொழுதுபோக்கின் ஒரு பகுதியாகக் கருதுவோர் உளர். சாட்சிக் கூட்டத்தின் ஒரு வகையாகக் கருதுவோரும் உளர். இவ்விரண்டு கருத்துகளும் குறையுடையன என்பது நம் துணிபு. இடப்பெயர்வின் வரலாற்றை இறைமக்கள் முன்னிலையில் சொல்லுதல் திருமறையில் விசுவாச அறிக்கையின் இடத்தைப் பெற்றிருக்கிறது. அவ்விடத்தை அதற்கு மீண்டும் அளிப்பது எங்ஙனம் என்பதையும், அங்ஙனம் அளிக்கும்போது ஆயர் கவனிக்க வேண்டியவை எவை என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இப்பகுதியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். மக்கள் வந்து சேர்ந்த கரையாக மட்டுமன்றி, அவர்கள் புறப்பட்டுப் போன கரையாகவும் சென்னைக் கடற்கரை விளங்கியது. 1860-ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகள் முந்நூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியக் கூலிகளைக் கொண்டுசென்ற முதற் கப்பல் அதுவே. துறைமுகம் கட்டப்படாத அக்காலத்தில் பயணிகள் மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளைக் கடந்து, ஆழ்கடலில் நின்ற கப்பலை அடைய வேண்டியிருந்தது. கூலிகளாகச் சென்றவர்களைப் பற்றிய கப்பற் பட்டியல்கள் இன்றும் உள்ளன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவை அவற்றில் எழுதப்பட்டுள்ளன. ஓடிப் போனால் பிடித்துவருவதற்கு அத்தழும்பு உதவும். அவர் ஏன் ஊரைவிட்டார், யாரை விட்டுச் சென்றார் என்பதற்கு அப்பட்டியலில் இடமில்லை.

நம் சபையாரில் மிகுதியானோரின் நினைவில் நிற்பது பர்மாவேயாகும். 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பத்து லட்சத்திற்குச் சற்று மேற்பட்டவர். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. செட்டியார்களின் வட்டிக்கடைகளைப் பற்றி அனைவரும் அறிவர். ஆனால் நெல் அறுத்தவரும், அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவரும், துறைமுகத்தில் சரக்கு இறக்கியவரும் அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதி. 1930 மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலை நிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர் அமர்த்தப்பட்டனர். வேலை நிறுத்தம் தீர்ந்ததும் அப்பர்மியர் வெளியேற்றப்பட்டனர். அதிலிருந்து மூண்ட கலவரத்தில் கூலிகள் பலர் கொல்லப்பட்டனர். ஏழைக்கு எதிராக ஏழையை நிறுத்தி இலாபம் கண்டவர் எவர் என்பதைப் பர்மிய வரலாற்றை எழுதுவோரும் மறைப்பதில்லை. இதனை இங்கு நாம் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு, பின்னர்க் காண்போம்.

1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் பெறாதோர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தனர். இவ்வாறு வெளியேறியோர் நான்கு ஐந்து லட்சம் பேர் என மதிப்பிடப்படுகின்றனர். பசியாலும் வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் வழியில் இறந்தோர் பல்லாயிரவர். ஐரோப்பியருக்கு நல்ல வழியும் இந்தியருக்குக் கொடிய வழியும் ஒதுக்கப்பட்டதாக அன்றே கடுங்குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வழி நடந்த தமிழறிஞர் வெ. சாமிநாத சர்மா தம் நடைப்பயணத்தைத் தமிழில் நூலாக எழுதி வைத்துள்ளார். நம் மாணவர்கள் அந்நூலைப் படித்தல் நலம்.

இரண்டாவது வெளியேற்றம் வேறு வகையானது. 1962-இல் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின் அரசு 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமையாக்கியது. அதே ஆண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத்துத் தாள்கள் செல்லாதன ஆயின. வாழ்நாள் சேமிப்பு ஓர் இரவில் வெறுங்காகிதமாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர் திரும்பினர். நகையும் பணமும் கப்பலேறுமுன் சோதித்துப் பறிக்கப்பட்டன. சென்னையில் இறங்கியோருக்கு வியாசர்பாடியிலும், மணலியை அடுத்த சடையங்குப்பம் பர்மா நகரிலும், பிற இடங்களிலும் குடியிருப்புகள் அமைந்தன. 1969-இல் கடற்கரை இரயில் நிலையத்திற்கு எதிரே பர்மா பஜார் தோன்றியது. மணிப்பூர் வழியாகப் பர்மாவுக்கே திரும்பிச் செல்ல முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்னும் ஊரில் தங்கிவிட்ட தமிழரும் உண்டு. இங்குள்ளவர் சிலருக்கு அங்கே உறவினர் இன்றும் இருக்கின்றனர். அத்தோவும் மொஹிங்காவும் விற்கும் தள்ளுவண்டிகளை இன்று சுவைக்காகத் தேடிச் செல்லும் இளைஞர், அவை எவ்வழியே இங்கு வந்தன என்று கேட்பது அரிது.

இனி, திருமறைக்கு வருவோம். உபாகமம் 26-ஆம் அதிகாரத்தில், முதற்பலன்களைக் கூடையில் கொண்டுவரும் இஸ்ரவேலன் ஆசாரியன் முன் நின்று சொல்ல வேண்டிய சொற்கள் கற்பிக்கப்படுகின்றன. கெர்ஹார்ட் ஃபான் ராட் 1938-இல் வெளியிட்ட ஆய்வில் இப்பகுதியை இஸ்ரவேலின் சிறிய வரலாற்று விசுவாச அறிக்கை என்று கொண்டு, ஆறு ஆகமங்களின் கட்டமைப்பே இதிலிருந்து வளர்ந்ததென வாதித்தார். லெயோன்ஹார்ட் ரோஸ்ட் முதலிய பின்வந்தோர், இதன் மொழிநடை பழமையானதன்று, உபாகம ஆசிரியருக்கே உரியது என்று காட்டி அக்கருத்தைத் தளர்த்தினர். அவ்விவாதம் எவ்வாறு முடியினும் நமக்கு வேண்டிய செய்தி மாறுவதில்லை. விளைச்சலைப் படைக்க வந்த உழவன், தன் விசுவாசத்தைச் சொல்லச் சொன்னபோது, கடவுளின் இலக்கணங்களைப் பட்டியலிடவில்லை. தன் குடும்பம் எங்கிருந்து எங்கே வந்தது என்பதைச் சொன்னான்.

அவன் சொல்லும் முறையில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. தொடக்கத்தில் தகப்பனைப் பற்றிப் படர்க்கையில் பேசுகிறான். அத்தகப்பனைக் குறிக்கும் எபிரெயச் சொல் அலைந்து திரிதலையும் குறிக்கும், அழிந்துபோதலையும் குறிக்கும். நம் பழைய மொழிபெயர்ப்பு அழிவு என்னும் பொருளைத் தழுவியுள்ளது. அரக்கான் வழியை அறிந்தவர்க்கு இவ்விரு பொருள்களும் ஒன்றாகப் பொருந்துவதில் வியப்பில்லை. எகிப்தின் கொடுமையைச் சொல்லும் ஆறாம் வசனத்தில் பேச்சு திடீரெனத் தன்மைப் பன்மைக்கு மாறுகிறது. துன்புறுத்தப்பட்டவர் ‘நாம்’ ஆகின்றனர். பத்தாம் வசனத்தில் கூடையை வைக்கும்போதுதான் ‘நான்’ வருகிறது. இவ்வாறு சொல்பவன் எகிப்தில் பிறந்தவன் அல்லன். செங்கடலைக் கடந்தவனும் அல்லன். ஆயினும் அந்தப் ‘நாம்’ பொய்யாகாது. பர்மாவைக் கண்டிராத பேரன், தன் பாட்டி சொன்னதைச் சபையில் சொல்ல உரிமையுடையவனா என்று சில சேகரங்களில் வினவப்படுகிறது. உபாகமம் அவ்வுரிமையை அவனுக்குத் தயங்காமல் அளிக்கிறது எனலாம். மேலும், இந்த அறிக்கையின் முற்பகுதி வசனங்களே பஸ்கா இரவில் யூதக் குடும்பங்கள் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து விரித்துரைக்கும் வரலாற்றின் அடிப்படையாக அமைந்துள்ளன. பிள்ளைகளின் கேள்வியோடுதான் அந்த உரை தொடங்குகிறது.

இரண்டாவது செய்தி, கூக்குரலுக்கு இந்த அறிக்கையில் உள்ள இடம். விடுதலையைச் சொல்லும் முன், நாம் கூப்பிட்டோம் என்று அவன் சொல்கிறான். சிறுமை, உழைப்பு, ஒடுக்குதல் ஆகிய மூன்றையும் கடவுள் கண்டார் என்று ஒவ்வொன்றாகப் பெயரிட்டுச் சொல்கிறான். துன்பத்தை ஒரே சொல்லில் அடக்கிவிட்டு நன்மைக்கு விரையும் பழக்கம் அங்கே இல்லை. நம் சாட்சிக் கூட்டங்களின் மரபு இதற்கு மாறானது. ஒரு பெட்டியோடு வந்தேன், ஆண்டவர் இரண்டு மாடி வீடு கொடுத்தார் என்று முடியும் சாட்சியைக் கேட்டு அனைவரும் அல்லேலூயா சொல்கின்றனர். அதே பெட்டியோடு வந்து இன்னும் வாடகை அறையில் இருப்பவர் பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். அவருடைய விசுவாசம் குறைவுபட்டது என்று எவரும் சொல்லவில்லை. கூட்டத்தின் அமைப்பே அதனைச் சொல்லிவிட்டது. வழியில் குழந்தையைப் புதைத்துவிட்டு நடந்த தாயின் கதையைப் பிள்ளைகள் சொல்லக் கேட்கும்போது, உடனே எழுந்து எல்லாம் நன்மைக்கே என்று விளக்கம் கூறும் ஆயர், அத்தாயின் கூப்பிடுதலைக் கடவுளின் செவிக்கு எட்டுமுன் தாமே தடுத்துவிடுகிறார். அவ்வேளையில் அமைதியாக இருந்து, ஒரு சங்கீதத்தை வாசித்து நிறுத்துவதே ஆயர் செய்யத்தக்கது.

மூன்றாவது செய்தியே நாம் முதன்மையாகக் கருதுவது. ஐந்தாம் வசனத்தில் தகப்பன் எகிப்தில் அந்நியனாய்த் தங்கினான் என்பதற்கு வழங்கும் வினைச்சொல் ‘கூர்’. பதினோராம் வசனத்தில், விருந்தில் லேவியனோடு சேர்ந்து மகிழ வேண்டியவனாகக் கூறப்படுபவன் ‘கேர்’. இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. அறிக்கை ‘நாம் கூராயிருந்தோம்’ என்பதுபோல் தொடங்கி, இப்போது நம் நடுவே இருக்கும் கேரை உணவுக்கு அமர்த்துவதில் நிறைவுறுகிறது. சுயசரிதை சொல்லிக் கலைந்துபோகும் கூட்டம் பத்தாம் வசனத்தோடு நின்றுவிட்ட கூட்டமாகும்.

நம் மொழியில் இச்சொல்லுக்கு நேர்ந்த கதியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘பரதேசி’ என்பது பிற தேசத்தில் தங்குவோன் என்னும் பொருளில் திருமறையில் வழங்கிய மதிப்புள்ள சொல். இன்று தெருவில் அது வசைமொழி. இரங்கூனில் இந்தியரைப் பர்மியர் ‘கலா’ என்றழைத்தனர். திரும்பி வந்தபின் அவர்களே இங்கே ‘பர்மாக்காரர்’ ஆயினர். அவர்களுடைய பேரமக்களிற் சிலர் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து உழைக்கும் இளைஞரை ‘வடக்கன்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குகின்றனர். கூலியைக் குறைத்துவிட்டார்கள் என்பது அவர்கள்மீது சுமத்தப்படும் முதற் குற்றம். 1930-இல் இரங்கூன் துறைமுகத்தில் பேசப்பட்டதும் இதுவேயன்றோ? கூலியை நிர்ணயிப்பவர் கூலிக்காரர் அல்லர் என்பதை நம் தொழிற்சங்கத் தோழர்கள் நன்கு அறிவர். நம் பிரசங்கங்கள் அதனை இன்னும் அறியவில்லை. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டப்பட்டுவந்த அனல்மின் நிலையத்தில் எஃகுச் சாரம் சரிந்து, அசாமிலிருந்து வந்த தொழிலாளர் ஒன்பது பேர் உயிரிழந்தனர். நம் ஆலயங்கள் பலவற்றிலிருந்து சிறிது தொலைவிலேயே அவ்விடம் உள்ளது. அவ்விளைஞர் எவ்வழியே வந்தனர் என்பதை அவர்கள் வாயால் கேட்கும் வாய்ப்பு இனி எவருக்கும் இல்லை.

இடப்பெயர்வு என்றால் கடல் கடந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்னும் எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கடலோரக் குடும்பங்கள் பல எர்ணாவூர்க் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. வரைபடத்தில் அத்தொலைவு சில கிலோமீட்டரே. ஆனால் வலையும் படகும் ஓரிடத்தில், உறங்கும் அறை வேறிடத்தில் என்றானபின், விடியற்காலையில் காற்றின் போக்கைப் பார்த்துக் கடலுக்குச் செல்வதா இல்லையா என்று முடிவு செய்துவந்த மனிதருக்கு அது வேற்று நாடுதான். இத்தகையோர் தங்களிடம் சொல்லக் கதையில்லை என்று ஒதுங்குவர். அவர்களை அழைத்தல் வேண்டும்.

இனி, கூட்டத்தை நடத்தும் முறை பற்றிச் சில. தமிழ்ச் சபையில் ‘சொந்த ஊர் எது?’ என்னும் கேள்வி வெறும் ஊரைக் கேட்பதன்று என்பதை நாம் அனைவரும் அறிவோம். அறிந்தும் அறியாதவர்போல் இருக்கிறோம். ஊர், தெரு, உறவினர் பெயர் என்று இரண்டு மூன்று கேள்விகளில் சாதி தெரிந்துவிடும். கப்பற் பட்டியல் வெளிப்படையாகக் கேட்டதை நாம் மறைவாகக் கேட்கிறோம், அவ்வளவே. கப்பலில் ஒரே பாத்திரத்தில் உண்டு வந்தவர்கள் கரையில் இறங்கியபின் மீண்டும் பழைய பெயர்களுக்குள் தள்ளப்பட்ட வருத்தமும் இக்கதைகளுள் உண்டு. ஆகவே இக்கேள்வியை அவ்வேளையில் எழுப்பாதிருத்தல் வேண்டும். எவ்வழியே வந்தீர்கள், கையில் என்ன இருந்தது, முதல் இரவு எங்கே தங்கினீர்கள், யார் முதலில் சோறு கொடுத்தார் என்று கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு வரும் விடைகளில் திருச்சபையின் பெயர் எத்தனை முறை வருகிறது என்பதை ஆயர் தனியே குறித்துக்கொள்வது அவருக்குப் பயன்படும்.

சொல்ல விரும்பாதோரை வற்புறுத்தலாகாது. இதில் ஐயத்திற்கு இடமில்லை. புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரை நினைத்துப் பார்ப்போம். 2021-இல் தமிழக அரசு அவற்றை ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ இலங்கை சேர்க்கப்படவில்லை. அவர்களில் ஒருவர் எந்த நாள், எந்தப் படகில், எந்தத் தாளோடு வந்தார் என்பது நமக்குக் கதை. அவருக்கோ அது வழக்கு. கைப்பேசியில் ஒளிப்பதிவு செய்து உடனே பிறருக்கு அனுப்பும் இக்காலத்தில் இவ்வபாயம் பன்மடங்காகிறது. பதிவு செய்வதானால் சொல்பவரின் இசைவு முன்னரே பெறப்பட வேண்டும். பின்னர் அவர் மனம் மாறினால் அப்பதிவு அழிக்கப்படவும் வேண்டும். சிறுவர் முன்னிலையில் சொல்லத்தகாதவை உண்டு. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மட்டுமே சொல்லக்கூடியவையும் உண்டு. அவற்றை அங்கேயே விட்டுவிடுதல் மரியாதை.

அயல்மொழியாளரை அழைக்கும்போது மொழிபெயர்ப்பாளர் தேவை. இந்தி அறிந்தவர் எவரேனும் சபையில் இருப்பர். இரயில்வேயிலோ இராணுவத்திலோ பணியாற்றி ஓய்வு பெற்றோர் இதற்கு மனமுவந்து முன்வருவதைக் காண்கிறோம். ஒப்பந்தக்காரர் வழியாக அழைப்பு அனுப்புதல் கூடாது. அவர் அழைத்தால் வருவோர் அச்சத்தால் வருவர். அவர் முன்னிலையில் உண்மையும் வராது. தொழிலாளர் தங்கும் கொட்டகைக்குச் சபையாரில் இருவர் நேரில் சென்று அழைத்தலே முறை. வந்தவரைக் கதை சொல்லும்படி முதல் நாளிலேயே மேடையேற்ற வேண்டியதில்லை. அவர்கள் நம் கதையைக் கேட்கட்டும். நாமும் ஒரு காலத்தில் பெட்டியோடு இறங்கியவர்களே என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

நாள் ஞாயிறாயினும் அவர்களிற் பலருக்கு வேலை உண்டு. இரவுப் பணிக்குச் செல்வோரும் இருப்பர். ஆதலின் மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்கி, உணவை இறுதியில் வைக்காமல் முதலில் பரிமாறி, ஏழரை மணிக்குள் ஆசீர்வாதம் கூறி முடித்துவிடுதல் ஏற்றது. பண்டிகையில் காணிக்கையாக வரும் காய்கனிகளையும் அரிசியையும் ஏலம் விடுவது நம் வழக்கம். அவற்றில் ஒரு பங்கை ஏலத்திற்கு முன்பே எடுத்து அன்றைய சமையலுக்கு ஒதுக்கிவிடச் சேகரக் குழு தீர்மானித்துக்கொள்ளலாம்.